அறுத்துக் கட்டிய ஊர்கள்

மணமுறிவும் அதன்பின் வரும் மறுமணமும் 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தோடுதான் தமிழ் வீடுகளுக்குள் நுழைந்தன என்று படித்தவர்கள் பலரும் நம்புகிறார்கள். நகரமும் சம்பளமும் பெண் கல்வியும் கொண்டுவந்த புதுப்பழக்கம் என்று சிலர் அதைக் கடிகிறார்கள்; அதே காரணத்துக்காகச் சிலர் பாராட்டுகிறார்கள். இரு தரப்பும் வரலாற்றைத் தலைகீழாகப் படிக்கின்றன. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ 7 தொகுதிகளைப் புரட்டினால், உழவும் மேய்ச்சலும் கூலியும் செய்து வாழ்ந்த மக்களைப் பற்றிய பக்கங்களில் மணவிலக்கும் மறுதாலியும் திரும்பத் திரும்ப வருகின்றன. பிராமணரும் அவர்களை ஒட்டி நடந்த சில சாதியினரும் விலக்கிவைத்த ஒன்றை, மற்றவர்களில் பலர் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தார்கள். ‘அறுத்துக் கட்டுதல்’ என்று ஊர் சொன்ன அந்த வழக்கத்தைத் திரும்பிப் பார்க்க இன்று ஒரு காரணம் இருக்கிறது. விவாகரத்துக்குப் பின் இரண்டாவது குடும்பம் கட்டுகிறவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்களோ, அந்த இடத்தைப் பழைய ஊர்கள் அறிந்திருந்தன. முதல் மணத்தின் கணக்கைப் பலர் அறியத் தீர்த்த பிறகே அவை அடுத்த தாலியை அனுமதித்தன. மறுமணத்தின் உறுதி அங்கேதான் இருந்தது என்பதும், உரிமையை மீட்டுத் தந்த நவீன காலம் அந்தக் கணக்கை மட்டும் கைவிட்டுவிட்டது என்பதுமே இக்கட்டுரையின் வாதம்.

மதுரைப் பகுதிக் கள்ளர்களைப் பற்றித் தர்ஸ்டன் தரும் குறிப்பு இதற்கு நல்ல சான்று. சேர்ந்து வாழ முடியாது என்று ஆகிவிட்டால், சாதியார் கூடியிருக்கும்போது கணவன் ஒரு துரும்பை மனைவியிடம் கொடுக்க வேண்டும். துரும்பு கொடுத்தால் விலக்கு. வாங்கிக்கொண்டால் விலக்குக்குச் சம்மதம். இவ்வளவுதான் சடங்கு. பார்வைக்கு அற்பமாகத் தோன்றும் இந்தத் துரும்புக்கு இரண்டு பலம் உண்டு. ஒன்று, அது தனியறையில் கைமாறவில்லை. இரு வீட்டு உறவும் ஊர்ப் பெரியவர்களும் பார்க்கக் கைமாறியது. யார் யாரை விட்டார்கள், எப்போது விட்டார்கள் என்பதில் பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை. இரண்டாவது, துரும்பு வெறுங்கையாய் வரவில்லை. கல்யாணத்தின்போது மாப்பிள்ளை வீடு கொடுத்த பரிசப் பணம், பெண் வீடு அனுப்பிய சீர், போட்ட நகை, ஆன செலவு எல்லாம் பேச்சுக்கு வந்தன. விலக்கை யார் கேட்கிறார்கள், குற்றம் யார் பக்கம் என்பதைப் பொறுத்துப் பரிசம் திரும்பியது அல்லது விடப்பட்டது. ஒரு குடும்பம் கட்டியபோது என்னவெல்லாம் கைமாறியதோ, அது கலையும்போது அவை ஒவ்வொன்றுக்கும் விடை சொல்லப்பட்டது.

ஆங்கிலேய நீதிமன்றங்களுக்கு இது எளிதில் விளங்கவில்லை. சாத்திரங்களில் தேடினார்கள்; அங்கே மணமுறிவு இல்லை. ஆனால் வழக்குகள் வந்துகொண்டே இருந்தன. இருவரும் சம்மதித்து, ஒருவர் மற்றவருக்கு முதல் கல்யாணச் செலவான பரிசத்தைக் கொடுத்துவிட்டுப் பிரிந்து மறுமணம் செய்துகொள்ளும் சாதி வழக்கத்தில் ஒழுக்கக் கேடு எதுவும் இல்லை என்று 1894இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் ஒப்புக்கொண்டது. பரஸ்பர சம்மதத்தின் பேரில் விவாகரத்து என்ற வழி இந்துத் திருமணச் சட்டத்தில் 1976இல்தான் சேர்க்கப்பட்டது என்பதை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். நாடாளுமன்றம் ஒரு திருத்தமாகக் கொண்டுவந்த அந்த ஏற்பாடு, அதற்கு 82 ஆண்டுகளுக்கு முன்பே சென்னை நீதிபதிகளின் முன் ஒரு பழைய வழக்கமாக வந்து நின்றிருக்கிறது. 1955இன் சட்டமும் தன் 29ஆம் பிரிவில், வழக்கத்தால் நிலைபெற்ற மணவிலக்கு உரிமை செல்லும் என்று சொல்லியே தொடங்கியது. அந்த வழக்கம் தன் சமூகத்தில் உண்மையிலேயே இருந்தது என்பதை வழக்காடுபவர் நிரூபிக்க வேண்டும் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. அதாவது, சட்டம் வழக்கத்தை ஒழித்துவிடவில்லை; சாட்சி கேட்டது.

இரண்டாவது தாலி எப்படி ஏறியது என்பதையும் பார்க்க வேண்டும். முதல் கல்யாணத்துக்குப் பந்தக்கால், முளைப்பாலிகை, தாய்மாமன் சீர், நாள்கணக்கில் விருந்து. மறுதாலிக்கு இவை எதுவும் பெரும்பாலும் கிடையாது. பந்தல் இல்லாமல், வீட்டுக்குள் சில உறவினர் முன்னிலையில் கட்டியதால் சில சமூகங்களில் அதற்கு நடுவீட்டுத் தாலி என்றே பெயர். பிறமலைக் கள்ளரிடையே தங்கி ஆராய்ந்து 1957இல் நூல் வெளியிட்ட பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துய்மோன், முதல் திருமணத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் உள்ள இந்தச் சடங்கு வேறுபாட்டைக் கூர்ந்து கவனித்தார். சடங்கு குறைந்ததே தவிர, உறவின் தகுதி குறையவில்லை. மறுதாலிக்குப் பிறந்த பிள்ளை முறையான பிள்ளை. அதற்குப் பங்கு உண்டு, முறை உண்டு, பெண் கொடுக்கவும் எடுக்கவும் தடையில்லை. இதில் கவனிக்க வேண்டிய நிதானம் ஒன்று இருக்கிறது. மறுமணத்தை முதல் மணத்தின் நகலாக நடத்த அந்த ஊர்கள் முயலவில்லை. முன்பு ஒன்று நடந்தது, முடிந்தது, இது அதற்குப் பின் வருவது என்ற உண்மையைச் சடங்கின் அளவே சொல்லிவிட்டது. புதிய மனைவியோ கணவனோ முதல் ஆளின் இடத்தில் வந்து உட்கார்ந்ததாக யாரும் பாவனை செய்ய வேண்டியிருக்கவில்லை.

பிள்ளைகளின் நிலை என்ன? இதற்கு எழுத்தில் கிடைக்கும் மிகத் தெளிவான தமிழ்ச் சான்று யாழ்ப்பாணத்துத் தேசவழமை. ஒல்லாந்தர் காலத்தில், ஆளுநர் சைமன்ஸின் கட்டளைப்படி கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி 1707இல் தொகுத்து, 12 முதலிமார் பார்த்துச் சரி என்று ஒப்பிய ஆவணம் அது. 1806இல் ஆங்கிலேயர் அதைச் சட்டமாக ஏற்றார்கள். பரம்பரையாக வந்த முதுசம், பெண் கொண்டுவந்த சீதனம், மணவாழ்வில் இருவரும் ஈட்டிய தேடியதேட்டம் என்று குடும்பச் சொத்தை அது மூன்றாகப் பிரிக்கிறது. மனைவி இறந்தபின் கணவன் மறுமணம் செய்யாதவரை எல்லாச் சொத்தும் அவன் கையில் இருக்கலாம். அவன் மறுமணம் செய்ய விரும்பினால் கணக்கு மாறுகிறது. சிறு பிள்ளைகளை மாமியாரோ நெருங்கிய உறவினரோ வளர்க்க எடுத்துக்கொள்வது வழக்கம். அப்படி எடுக்கும்போது இறந்த மனைவியின் சீதனம் முழுவதையும், முதல் மணத்தில் தேடிய தேட்டத்தில் பாதியையும் பிள்ளைகளோடு சேர்த்து அவன் ஒப்படைக்க வேண்டும். கணவனும் மனைவியும் மனஸ்தாபத்தால் பிரிந்து வாழும் நிலையையும் தேசவழமை விட்டுவிடவில்லை. அப்போது பிள்ளைகள் பெரும்பாலும் தாயின் பக்கம் நின்று அவளோடு இருப்பார்கள் என்று அது வெளிப்படையாகக் குறிக்கிறது.

300 ஆண்டுகளுக்கு முந்தைய இந்த ஏற்பாட்டில் இருக்கும் அறிவைச் சொத்துச் சட்டம் என்று மட்டும் ஒதுக்கிவிடக் கூடாது. தந்தை புதிய மனைவியை அழைத்துவரும் முன்பே முதல் மனைவியின் பிள்ளைகளுடைய பங்கு தனியே எடுத்துவைக்கப்பட்டுவிடுகிறது. வருகிறவள் அந்தப் பங்கைக் குறித்து அஞ்சவோ ஆசைப்படவோ ஏதும் இல்லை. பிள்ளைகளும் அவளைத் தங்கள் சொத்தைத் தின்ன வந்தவளாகப் பார்க்க வேண்டியதில்லை. தாய்வழிப் பாட்டியின் வீடு பிள்ளைகளுக்குத் திறந்தே இருக்கிறது. அந்த உறவை அறுக்கத் தகப்பனால் முடியாது. இதே தருக்கத்தைக் காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம் குடும்பங்களிலும் வேறு வடிவில் காணலாம். அங்கே பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு வரவழைப்பது வழக்கம். மணம் நிலைத்தாலும் முறிந்தாலும் கூரை பெண்ணுடையது. பெரியவர்களின் உறவு மாறும்போது பிள்ளைகள் வீடும் தெருவும் மாற வேண்டியதில்லை.

இந்த வழக்கங்கள் ஏன் தேய்ந்தன? மேல்நிலை தேடிய ஒவ்வொரு சாதியும் முதலில் துறந்தவற்றில் ஒன்று அறுத்துக் கட்டும் பழக்கம். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சாதிகளை மேல் கீழ் என்று வரிசைப்படுத்தியபோது, கைம்பெண் மறுமணம் உண்டா இல்லையா என்பது ஓர் அளவுகோலாக நின்றது. பெண்களை மறுமணமின்றி வைத்திருப்பது கௌரவத்தின் அடையாளமாயிற்று. மறுமணத்தை அனுமதிப்பவர்கள் என்பது வசையாயிற்று. சீர்திருத்தச் சட்டமும் எதிர்பாராத விதத்தில் கெடுதல் செய்தது. கைம்பெண்களுக்கு மறுமண உரிமை தந்த 1856ஆம் ஆண்டுச் சட்டம், மறுமணம் செய்பவள் இறந்த கணவனின் சொத்தை இழப்பாள் என்றும் விதித்தது. ஏற்கெனவே மறுமண வழக்கம் இருந்த மறவர் சமூகத்துப் பெண் ஒருத்தியின் வழக்கிலும், 1877இல் சென்னை உயர்நீதிமன்றம் அவள் சொத்தை இழப்பாள் என்றே தீர்த்தது. சீர்திருத்தவாதிகளின் கவனமோ இயல்பாகவே இளங் கைம்பெண்களின் துயரத்தில் நிலைத்தது. ‘சுதேசமித்திரன்’ ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர் 1889இல் பம்பாயில் தம் கைம்பெண் மகளுக்கு மறுமணம் செய்துவைத்தார், அ. மாதவையா 1903இல் ‘முத்துமீனாக்ஷி’ எழுதினார். பெரும் துணிச்சல்கள் அவை. ஆனால் கணவன் உயிரோடிருக்க மணம் முறிந்தவளைப் பற்றி 1929 செங்கல்பட்டு மாநாட்டில் சுயமரியாதை இயக்கம் தீர்மானம் போட்ட பிறகே பொதுமேடை உரத்துப் பேசியது. பிறகு 1949இல் சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடுத்து விவாகரத்தை அனுமதித்தது. 1955இல் நாடு முழுவதுக்கும் அது வந்தது.

இச்சட்டங்கள் தந்தது விலைமதிப்பற்ற உரிமை. குறையும் அதிலேயே இருக்கிறது. சட்டம் பழைய வாசலை மூடவும் புதிய வாசலைத் திறக்கவும் கற்றுக்கொடுத்தது. புதிய வீட்டுக்குள் யார் யாருக்கு என்ன உறவு என்பதைப் பற்றி ஏறக்குறைய மௌனம் காத்தது. 1956ஆம் ஆண்டின் இந்துச் சிறார் காப்பாளர் சட்டம், தந்தை தாய் என்ற சொற்களில் மாற்றாந்தந்தையும் மாற்றாந்தாயும் அடங்கமாட்டார்கள் என்று விளக்கம் எழுதியே வைத்திருக்கிறது. ஒரு பெண் இறந்தால் அவளுடைய முதல்நிலை வாரிசுகளான மகன், மகள் என்பதில் கணவனின் முந்தைய மணத்துப் பிள்ளைகள் சேரமாட்டார்கள் என்று 1987இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாற்றாந்தந்தை 20 ஆண்டு சோறு போட்டு வளர்த்த பிள்ளைக்கும், அவர் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சொத்தில் மகன் மகளுக்குரிய பங்கு கிடையாது. முறையாகத் தத்து எடுத்தால் நிலைமை மாறும்; தத்தெடுப்பு விதிமுறைகளில் மாற்றாந்தந்தை, மாற்றாந்தாய் தத்தெடுப்புக்கென வழியும் இருக்கிறது. ஆனால் மறுமணப் பேச்சு நடக்கும் எத்தனை வீடுகளில் அந்தச் சொல் எழுகிறது? மண்டபமும் சாப்பாடும் பேசப்படும் அளவுக்கு, வரப்போகும் வீட்டில் அந்தக் குழந்தையின் சட்டநிலை பேசப்படுவதில்லை.

இங்கே நியாயமான மறுப்புகள் எழும். முதலாவது, பழைய ஊர்க்கூட்டத்தை இப்படிப் புகழலாமா என்பது. கூட்டத்தில் பேசியவர்கள் ஆண்கள். பிரிந்த பெண் பல சமூகங்களில் பிள்ளையைத் தகப்பன் வீட்டில் விட்டுவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போனாள், ஏனென்றால் பிள்ளை தந்தை வழிக்கு உரியது என்று கருதப்பட்டது. மறுதாலி அதே சாதிக்குள்தான் ஏறியது. இவை அத்தனையும் உண்மை. அந்தத் தீர்ப்புகளை மீண்டும் கொண்டுவரும்படி யாரும் கேட்கக் கூடாது. ஆயினும் ஒரு முறையின் நீதிக்கேடு, அந்த முறை அறிந்திருந்த உண்மையைப் பொய்யாக்கிவிடாது. முடிந்த மணத்தை எல்லோரும் அறிய முடிக்க வேண்டும், பிள்ளைக்கு உரியதை முதலில் ஒதுக்க வேண்டும் என்ற ஒழுங்குக்கு ஆணாதிக்கம் தேவையில்லை, சாதியும் தேவையில்லை. பெண்ணும், பேசும் வயது வந்த பிள்ளையும் சமமாக உட்கார்ந்து பேசும்போதும் அதே ஒழுங்கு நிற்கும், இன்னும் உறுதியாகவே நிற்கும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. பழைய ஏற்பாடுகள் பிள்ளையைப் பாட்டி வீட்டுக்கோ தகப்பன் வீட்டுக்கோ அனுப்பின; எனவே அவள் பிள்ளை, அவன் பிள்ளை, இருவர் பிள்ளை என்று ஒரே கூரையின் கீழ் வாழும் இன்றைய குடும்பத்துக்கு அவற்றிடமிருந்து கற்க என்ன இருக்கிறது என்பது. தேசவழமையின் விதிகள் பெரும்பாலும் சாவுக்குப் பிந்தைய மறுமணத்துக்கு எழுதப்பட்டவை என்பதையும் இதோடு சேர்க்கலாம். இதற்கு விடை அந்த அனுப்புதலிலேயே இருக்கிறது. ஒரே கூரையின் கீழ் மாற்றாந்தாயையும் முதல் மனைவியின் பிள்ளையையும் எந்த ஏற்பாடும் இல்லாமல் வைத்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் அறிந்திருந்ததால்தான் பாட்டி வீட்டை இடையில் வைத்தார்கள். இன்று பாட்டி வேறு ஊரில் ஒற்றை அறைக் குடியிருப்பில் இருக்கிறாள். பிள்ளை இங்கேதான் வளர வேண்டும். தூரம் கொடுத்த பாதுகாப்பு போய்விட்ட நிலையில், முன்கூட்டிய பேச்சுத்தான் அந்தப் பாதுகாப்பைத் தர முடியும். தந்தையோ தாயோ உயிரோடு வேறு வீட்டில் இருக்கிறார் என்பதும் இன்றைய பிள்ளையின் நிலை. வாரத்தில் எந்த நாள் யார் வீடு, பள்ளிக் கட்டணம் யாருடையது, பண்டிகைக்கு எங்கே என்பவை செத்தவரைப் பற்றிய கேள்விகளைவிடச் சிக்கலானவை. ஆகவே இன்றைய மறுமணத்துக்குக் கணக்கு கூடுதலாகத் தேவைப்படுகிறது.

மூன்றாவது மறுப்பு மனத்திலிருந்து வருவது. காயப்பட்ட இருவர் அன்பை நம்பி மறுபடி சேரும்போது நகை, நிலம், உயில் என்று பேசுவது அந்த அன்பையே கொச்சைப்படுத்தாதா? நம் கதை மரபு இந்த உணர்வுக்கு நீண்ட காலமாகத் தீனி போட்டிருக்கிறது. மாற்றாந்தாய் கெட்டவள், நல்ல மனம் இருந்தால் எல்லாம் சரியாகும் என்பதே அதன் பாடம். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ போன்ற படைப்பு அரிதாகவே அந்த உறவின் உள்ளே சென்று பார்க்கிறது. கெட்ட மனம் என்று நாம் பெயரிட்டதில் பாதி, பேசப்படாத பயம். தன் வயிற்றுப் பிள்ளைக்கு நாளை என்ன மிஞ்சும் என்ற பயம் ஒருத்திக்கு. அப்பா தனக்கு இல்லாமல் போவார் என்ற பயம் ஒரு குழந்தைக்கு. அந்தப் பயத்துக்கு அன்பு வார்த்தை போதாது. எழுதி வைத்த உறுதி வேண்டும். கணக்கு பேசுவதிலும் அநீதி நுழையலாம் என்பதை மகாபாரதம் காட்டுகிறது. சந்தனு சத்தியவதியை மணக்கும் முன் அவளுடைய தந்தை எல்லாவற்றையும் தெளிவாகப் பேசித்தான் வாங்கினார். விலை கொடுத்தவன் முதல் மனைவியின் மகன். மூத்த பிள்ளையின் இழப்பில் எழுதப்பட்ட ஒப்பந்தம் இரண்டு தலைமுறை தாண்டுவதற்குள் அந்தக் குலத்தை வாரிசுச் சிக்கலில் தள்ளியது. பிள்ளையின் பங்கை முதலில் எடுத்துவைத்துவிட்டு மற்றதைப் பேசு என்ற யாழ்ப்பாணத்து வரிசை, அத்தினாபுரத்து வரிசையைவிட மேலானது.

வரலாறு இன்றைய மறுமணத்துக்குத் தரும் பாடத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். முதல் மணத்தின் கடன், நகை, ஜீவனாம்சம், பிள்ளையைப் பார்க்கும் உரிமை எல்லாம் தீர்ந்து எழுத்தில் இருக்கட்டும். தீராத வழக்கின் மேல் புதிய வீடு கட்டாதீர்கள். இரு பக்கத்துப் பிள்ளைகளின் பங்கையும் உயிலாகவோ தான செட்டில்மெண்ட் பத்திரமாகவோ கல்யாணத்துக்கு முன் பதிவு செய்யுங்கள். தத்து எடுக்கும் எண்ணம் இருந்தால் அதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். முதல் துணையின் பெற்றோர் பிள்ளைக்குத் தாத்தா பாட்டியாகவே தொடரட்டும். புதிதாக வருகிறவரை அப்பா, அம்மா என்று கூப்பிடும்படி குழந்தையை நெருக்காதீர்கள். மறுதாலியை முதல் தாலியின் நகலாக்க நடுவீட்டுத் தாலி கட்டியவர்கள் ஒருபோதும் முயன்றதில்லை. இவற்றையெல்லாம் இரு குடும்பத்திலும் நாலு பேர் அறியப் பேசுங்கள். நம் முன்னோரில் பலர் மணம் முறிந்ததற்காக வெட்கப்படவில்லை. மறுபடி கட்டியதற்காகவும் வெட்கப்படவில்லை. கணக்கைத் தீர்க்காமல் கட்டுவதைத்தான் அவர்கள் தவறு என்று கருதினார்கள். அந்தத் தீர்ப்பு இன்றும் சரியானது.